சிங்க் இல்லாத தொட்டி ஏன் பச்சையாக நின்றது

1. விரிசல்

நீல வாளி என் கையிலிருந்து நழுவி நெட் ஹவுஸ் படியில் விழுந்தது. அடியில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். தண்ணீர் என் காலைச் சுற்றி ஓடி மறைந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. அந்த நிமிடமே போய்ச் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே எனக்கு வந்திருக்காது.

என் பெயர் ஆரோக்கியமேரி. திருப்பனந்தாளுக்கும் கொள்ளிடக் கரைக்கும் நடுவில் இருக்கிற ஒரு தனியார் விவசாயக் கல்லூரியில் பண்ணைத் தொழிலாளியாக இருந்தேன். முதலில் வயலில் நடவு, களை, அறுவடை. முட்டி வலி வந்த பிறகு நெட் ஹவுஸில் போட்டார்கள். நெட் ஹவுஸ் என்றால் நாலு பக்கமும் பச்சை வலை கட்டி, மேலே மழை இறங்காமல் ஷீட் போட்ட கொட்டகை. பூச்சி, ஆடு, மழை எதுவும் உள்ளே வராது. தொட்டியில் பயிர் வைத்து ஆராய்ச்சி செய்வார்கள். தண்ணீர் ஊற்றுவது, தொட்டி கழுவுவது, டேக் கட்டுவது எங்கள் வேலை.

இப்போது வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். புதிதாக நெட் ஹவுஸ் வேலைக்கு வருகிற பெண்களுக்கு உங்கள் அனுபவம் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கல்லூரியில் கேட்டார்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. அதற்கு எழுதுவது மேல். எனக்குத் தெரிந்த நல்ல வேலை எத்தனையோ இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு நான் செய்த தப்பு ஒன்றை எழுதுகிறேன். உங்களுக்கு அதுதான் உதவும்.

2. பட்டினித் தொட்டிகள்

கயல்விழி என்று ஒரு பெண் அப்போது எங்கள் கல்லூரியில் பி.எச்டி. செய்துகொண்டிருந்தாள். ஊர் கீழ்வேளூர்ப் பக்கம். அவள் தாத்தா கூலிக்கு உழுத நிலத்தில் ஒரு துண்டை அவள் அப்பா மாணிக்கம் வாங்கிச் சொந்தமாகப் பயிர் வைத்திருந்தார். அந்த வயலில் ஒரு கோளாறு. நட்டு இருபது நாள் தாண்டினால் பயிர் திட்டுத் திட்டாகச் செவந்து நின்றுவிடும். கீழ் இலையில் துருப் பிடித்த மாதிரி புள்ளி விழும். அவரும் யூரியா போடுவார், மணிச்சத்து உரமான டி.ஏ.பி. போடுவார், மருந்து அடிப்பார். செவப்பு மாறாது.

"அந்த வயலுக்கு சிங்க் பத்தலை மேரிம்மா. நான் சொன்னா அப்பா நம்ப மாட்டேங்குறாரு. வெள்ளைப் பொடிய வாங்கி வயல்ல எறியச் சொல்றியான்னு கேக்குறாரு" என்பாள் கயல்.

சிங்க் என்பது துத்தநாகம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் மூட்டைக் கணக்கில் வேண்டும். இது கொஞ்சூண்டு போதும். ஆனால் அந்தக் கொஞ்சூண்டு இல்லாவிட்டால் மூட்டைக் கணக்கில் போட்டதும் பயிருக்கு உதவாது. அதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி காட்டுவதுதான் அவள் ஆராய்ச்சியில் முக்கியமான பகுதி.

அவள் செய்தது இதுதான். மண்ணில் எல்லாச் சத்தும் கலந்து கிடக்கும் என்பதால் மண்ணே வேண்டாமென்று வைத்துவிட்டாள். மணலை ஆசிட்டில் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் பல தடவை அலசி, பிளாஸ்டிக் தொட்டிகளில் நிரப்பினோம். அதில் நெல் நாற்று. சாப்பாடு எல்லாம் கரைசலாக ஊற்றுவது. ஒரு வரிசைத் தொட்டிக்கு எல்லாச் சத்தும் உண்டு. அடுத்த வரிசைக்குத் தழைச்சத்து மட்டும் இல்லை. அதற்கடுத்ததுக்கு மணிச்சத்து இல்லை. அப்படியே சாம்பல்சத்து இல்லாதது, மெக்னீசியம் இல்லாதது, கந்தகம் இல்லாதது, இரும்பு இல்லாதது, கடைசியாக சிங்க் இல்லாதது. ஒவ்வொன்றிலும் நாலு தொட்டி.

என்னோடு வேலை பார்த்த அஞ்சலை இதைக் கேட்டுவிட்டு மூக்கில் விரல் வைத்தாள். "ஏன் பாப்பா, பெத்த புள்ளைக்குச் சோறு போட்டுக் குழம்ப ஒளிச்சு வெக்கிற கதையால்ல இருக்கு?"

"ஒளிச்சு வெச்சாத்தான் அஞ்சலைம்மா, எது இல்லைன்னா எப்புடி அழுவும்னு தெரியும்."

அன்றிலிருந்து அஞ்சலை வாயில் அவை பட்டினித் தொட்டிகள். எல்லாச் சத்தும் உள்ளது விருந்துத் தொட்டி. கொஞ்ச நாளில் கயலும் அப்படியே சொல்ல ஆரம்பித்தாள்.

கயலுக்கு வழிகாட்டி சந்தானம் சார். நல்லவர், ஆனால் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். தொட்டி வைத்த முதல் நாள் எங்களைக் கூப்பிட்டு, "காய்ச்சி வடிச்ச தண்ணி மட்டும்தான் ஊத்தணும். நீல வாளி, நீல மக்கு. வேற எதையும் உள்ள கொண்டு வரக்கூடாது. புரிஞ்சுதா?" என்றார்.

"சரிங்க சார்" என்றோம். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சுத்தத்துக்காகச் சொல்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

3. புளி போட்டுத் தேய்த்தது

நாற்று வைத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அப்போதுதான் நான் முதலில் சொன்ன அந்த விரிசல். கயல் அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தாள், அஞ்சலை லீவு.

புது வாளி வேண்டுமென்றால் ஸ்டோரில் இன்டென்ட் என்கிற கோரிக்கைச் சீட்டு எழுதி, சாரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். ஸ்டோர் வாசல் வரை போனேன். உள்ளே நாலைந்து ஆண்கள் நின்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர் கீப்பர் என்னைப் பார்த்து, "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். என் சுபாவம் அப்படி. வாளியை உடைத்துவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

மோட்டார் கொட்டகையில் ஒரு தகர வாளி கிடந்தது. அழுக்காக இருந்தது. சார் சுத்தத்துக்காகத்தானே சொன்னார், இதை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டால் என்ன என்று தோன்றியது. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு கைப் புளியும் சாம்பலும் கொண்டுபோனேன். தேங்காய் நாரில் தொட்டுக் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி உள்ளேயும் வெளியேயும் தேய்த்தேன். கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தபோது வெள்ளி மாதிரி மின்னியது. எனக்கே பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகும் நாலு நாளுக்கு ஒருமுறை அப்படித் தேய்த்து வைத்தேன்.

காய்ச்சி வடிக்கிற தண்ணீர் மெஷினிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சாயங்காலம் குழாய்க்கு அடியில் வாளியை வைத்துவிட்டுப் போனால் காலையில் நிறைந்திருக்கும். ஆக, ராத்திரி முழுக்கத் தண்ணீர் அந்தத் தகர வாளியிலேயே கிடந்தது. காலையில் யாரும் வருவதற்கு முன்னால் நான் ஊற்றி முடித்துவிட்டு, வாளியை மணல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். உடைந்த நீல வாளியைக் கண்ணில் படுகிற மாதிரி படியில் கவிழ்த்து வைத்திருந்தேன். கவிழ்த்து வைத்தால் அடி விரிசல் மேலே தெரியுமே என்று ஒரு பழைய சாக்கை மடித்து அதன் மேல் போட்டிருந்தேன். அதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

4. இலைகள்

இங்கே கொஞ்சம் பயிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் வேலை செய்யும்போது தெரிந்திருக்க வேண்டியது இது.

முதலில் குரல் கொடுத்தது தழைச்சத்து இல்லாத தொட்டிகள். கீழே இருக்கிற பழைய இலை முதலில் மஞ்சளானது, பிறகு அதற்கு மேல் இலை. பயிர் முழுக்க வெளிறி, ஒல்லியாக நின்றது. மணிச்சத்து இல்லாதது மஞ்சளாகவே இல்லை. கரும்பச்சையாக, குட்டையாக, தூர் கட்டாமல் கையளவில் நின்றுவிட்டது. பார்க்கிறவர்கள் நல்ல பச்சை என்று ஏமாந்துபோவார்கள். சாம்பல்சத்து இல்லாததில் கீழ் இலையின் நுனியும் ஓரமும் தீயில் காட்டினது போலக் கருகிவந்தது. இரும்பு இல்லாதது நேர் எதிர். பழைய இலை பச்சையாக இருக்க, புதிதாக விரிகிற இலை வெள்ளைக் காகிதம் மாதிரி வந்தது.

ஏன் ஒன்றில் பழைய இலையும் ஒன்றில் புது இலையும் கெடுகிறது என்று எனக்குப் புரியாமல் கயலைக் கேட்டேன். அவள் சொல்வதற்குள் அஞ்சலை சொல்லிவிட்டாள்: "இதுகூடத் தெரியலையாடி? வூட்ல சோறு பத்தலைன்னா பெரியவ தட்டுலேர்ந்து எடுத்துத்தானே சின்னதுங்களுக்குப் போடுறோம்."

கயல் சிரித்துவிட்டாள். "அதேதான். தழைச்சத்து அப்படி எடுத்துக் குடுக்கக்கூடிய சாமான். பழைய இலை விட்டுக்குடுத்துட்டு மஞ்சளாயிரும். இரும்பு அப்படியில்ல. ஒருதடவ ஒரு இலைக்குப் போயிட்டா அங்கேயே உக்காந்துக்கும். அதனால புதுசுக்குத்தான் பஞ்சம்."

இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இலை கெட்டால் முதலில் எந்த இலை, பழையதா புதியதா என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

சிங்க் இல்லாத தொட்டிக்குத்தான் கயல் காத்திருந்தாள். பயிர் குட்டையாகும், கீழ் இலையில் துருப் புள்ளி விழும், புது இலையின் அடி நரம்பு வெளுக்கும் என்று எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். மூன்றாவது வாரம் ஆயிற்று. நாலாவது வாரம் ஆயிற்று. நாலு தொட்டியும் விருந்துத் தொட்டிக்குப் பக்கத்தில் விருந்துக்கு வந்த மாதிரியே தழைத்து நின்றன.

கயல் தினமும் காலையில் வந்து அந்த நாலு தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்காருவாள். இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். ஒரு துருப் புள்ளி இருக்காதா என்று பயிருக்கு நோய் வரச் சொல்லி வேண்டிக்கொண்டவளை நான் அங்கேதான் பார்த்தேன்.

5. இல்லை என்று சொன்னது

சந்தானம் சார் வந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"கரைசல் மாத்தி ஊத்திட்டியா?"

"இல்ல சார். பாட்டில் தனித்தனியா டேக் போட்டிருக்கேன்."

"மணல் சரியா கழுவலையா?"

மணலை எடுத்து லேபில் சோதித்தார்கள். அதில் சிங்க் இல்லை. மெஷின் குழாயில் நேராகப் பிடித்த தண்ணீரைச் சோதித்தார்கள். அதிலும் இல்லை. மருந்துப் பொடிகள் புது டப்பா. எல்லாம் சரி என்றால் மிச்சம் இருப்பது கயலின் கைதான். சார் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "எடை போடும்போது கவனம் வேணும்மா" என்று மட்டும் சொன்னார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்றைக்குக் கயல் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்டாள். கையில் நோட்டு.

"நாத்து வெச்ச நாள்லேர்ந்து எதாவது மாறியிருக்கா? சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. மேரிம்மா, நீங்கதானே தண்ணி ஊத்துறீங்க, எதாவது?"

"இல்ல பாப்பா" என்றேன்.

எனக்கு வாளி மேல் சந்தேகமே இல்லை என்று உண்மையாகச் சொல்கிறேன். தகர வாளிக்கும் சிங்குக்கும் சம்பந்தம் உண்டென்று எனக்கு எப்படித் தெரியும். ஆனால் அவள் கேட்டது அது இல்லை. எதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டாள். மாறியிருந்தது. நான் இல்லை என்று சொன்னேன்.

ஒரு வாரம் போயிற்று. வெள்ளிக்கிழமை சார் முடிவு சொன்னார். திங்கட்கிழமை எல்லாத் தொட்டியையும் கொட்டிவிட்டு அடுத்த சாகுபடிப் பட்டத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிங்க் தொட்டி இப்படி என்றால் மற்ற தொட்டிகளையும் நம்ப முடியாது என்றார்.

கயல் அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் வலைக்கு இந்தப் பக்கம் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். "அடுத்த பட்டம் வரைக்கும் முடியாது சார். இந்த வருஷத்தோட முடிச்சிட்டு வரேன்னுதான் அப்பாகிட்டச் சொல்லியிருக்கேன். இதுக்கு மேல இங்க இருக்க வீட்ல விடமாட்டாங்க. நான் படிப்ப நிறுத்திக்கிறேன்."

சார் திரும்பி ரூம் பக்கம் நடந்தார்.

அவள் உள்ளே வந்து சிங்க் தொட்டி டேக் நாலையும் கழற்ற ஆரம்பித்தாள். அழவில்லை. கம்பியைத் திருகித் திருகி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "மேரிம்மா, திங்கட்கிழம இத நீங்களே கொட்டிருங்க. நான் வரமாட்டேன்" என்றாள்.

6. வாசலில் வைத்த இரண்டு வாளி

சனிக்கிழமை காலை நான் சர்ச்சுக்குப் போகிற மாதிரி வெளுத்து மடித்த சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. சார் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளே கயல் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

திரும்பி நெட் ஹவுஸுக்குப் போனேன். சாக்கை எடுத்துவிட்டு நீல வாளியையும், மூட்டைக்குப் பின்னால் இருந்த தகர வாளியையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்து சார் ரூம் வாசலில் வைத்தேன்.

"என்னம்மா இது?" என்றார் சார்.

நீல வாளியைத் தூக்கி விரிசலைக் காட்டினேன். பிறகு தகர வாளியைக் காட்டினேன். "இதுலதாங்க ஊத்துனேன். மொதல் வாரத்துலேர்ந்து."

சார் எழுந்து வந்தார். கயல் அவருக்கு முன்னால் வந்துவிட்டாள். வாளிக்குள் கையை விட்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"சார், இது ஜி.ஐ. வாளி."

"தெரியுது" என்றார் சார். அவர் குரல் கனமாக இருந்தது. என்னைப் பார்த்து, "எத்தன தடவ சொன்னேன், வேற எதையும் கொண்டு வரக்கூடாதுன்னு?" என்றார்.

"நல்லாச் சுத்தம் பண்ணித்தாங்க ஊத்துனேன். புளி போட்டுத் தேய்ச்சு."

சார் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "புளி போட்டா?"

"நாலு நாளைக்கு ஒருக்காங்க."

கயல் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். சார் ரூமில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை, விளிம்பில்தான் உட்கார்ந்தேன்.

அவள்தான் விளக்கினாள். இந்தத் தகர வாளி துருப் பிடிக்காமல் இருக்க அதன் மேல் ஒரு பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சுதான் சிங்க். சுத்தமான தண்ணீர் ராத்திரி முழுக்க அதில் கிடந்தால் பூச்சிலிருந்து கொஞ்சம் கரையும். புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க உள்ளே புதுப் பூச்சு வெளியே வந்துகொண்டே இருக்கும். எந்தச் சத்து அந்தத் தொட்டிக்குக் கிடைக்கக் கூடாது என்று அவள் மணலை ஆசிட்டில் கழுவினாளோ, அதையே நான் தினம் ஒரு மக்கு ஊட்டிவந்திருக்கிறேன்.

சார் குனிந்து தகர வாளியின் உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகு கயலிடம் சொன்னார்: "வாளித் தண்ணிய லேபுக்கு அனுப்பு. மத்த தொட்டி எல்லாத்துக்கும் சிங்க் நாமளே குடுக்குறோம், அதுக்கு இதனால ஒண்ணும் கெட்டுப்போகல. சிங்க் இல்லாத தொட்டி மட்டும் நாலு புதுசா வை. பக்கத்துல நாலு விருந்துத் தொட்டி." அவரும் விருந்துத் தொட்டி என்றுதான் சொன்னார். "பழைய நாலும் அப்படியே இருக்கட்டும். அதுக்கு இதே வாளியில இவங்களே ஊத்தட்டும். வாளித் தண்ணி ஒரு ட்ரீட்மென்ட், தனி சோதனை வரிசை."

"திங்கட்கிழம கொட்டச் சொன்னீங்களேங்க சார்" என்றேன்.

"யாரும் எதையும் கொட்ட வேண்டாம்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "நான் கொண்டு வராதீங்கன்னு சொன்னேன். ஏன்னு சொல்லல. அது என் தப்பு."

வெளியே வந்ததும் அஞ்சலையிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே கோபம். "எங்கிட்டகூட மறைச்சிட்டியேடி? ஸ்டோருக்கு நான் போயிருக்க மாட்டேனா? அந்தாளு எனக்கு ஒரு வாளி குடுக்காம இருந்துருவானா?" கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். அப்புறம் தாங்கவில்லை. "எல்லாரும் பயிருக்கு உரம் வெப்பாங்க, நீ ரசம் வெச்சிருக்க" என்றாள். அந்தப் பேச்சு கல்லூரி முழுக்கச் சுற்றிவிட்டது. நான் வேலையை விடுகிறவரை சமையல்கூட ஆட்கள் என்னைக் கண்டால் ரசம் எப்படி வைப்பது என்று கேட்பார்கள்.

7. கீழ்வேளூர்க்காரர் கேட்டது

புது நாலு தொட்டிக்குப் புது நீல வாளி. லேபிலிருந்து வாளித் தண்ணீரில் சிங்க் இருக்கிறது என்று எழுதி வந்தது. நாலு வாரம் ஆவதற்குள் புதுத் தொட்டியில் துரு விழுந்தது. முதலில் ஊசி முனை மாதிரி, பிறகு இலை முழுக்க. பயிர் ஒரு முழத்துக்கு மேல் வளரவில்லை. அதற்கு ஒரு அடி தள்ளி வாளித் தண்ணீர் குடித்த பயிர் கதிர் வருகிற நிலையில் நின்றது. நட்ட நாள் வேறு என்பதால் இரண்டையும் அளந்து ஒப்பிடக் கூடாது என்று கயல் சொன்னாள். அளப்பதற்குத்தான் பக்கத்திலேயே அதே நாளில் வைத்த விருந்துத் தொட்டிகள். ஆனால் கண்ணுக்கு அந்த மூன்றும் வரிசையாக நின்றது போதுமாக இருந்தது.

கயலின் அப்பாவை சார்தான் வரச் சொன்னார். மாணிக்கம் ஒல்லியான மனிதர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெட் ஹவுஸ் படியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்ன பிறகுதான் வந்தார். மகள் ஒவ்வொரு தொட்டியாகக் காட்டிக்கொண்டு போனாள். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். நம்பிய தலையாட்டல் இல்லை அது. பெண் படித்திருக்கிறாள், பேசட்டும் என்கிற தலையாட்டல்.

துரு விழுந்த தொட்டிக்கு வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து அந்த இலையை விரலில் எடுத்துப் பார்த்தார். "இது நம்ம வயக்காட்டுப் பயிரு" என்றார்.

"அதைத்தானேப்பா சொல்றேன். இதுக்கு யூரியா இருக்கு, டி.ஏ.பி.ல இருக்குற சத்து இருக்கு, எல்லாம் இருக்கு. சிங்க் மட்டும்தான் இல்ல. நீங்க டி.ஏ.பி. கூடக் கூடப் போட்டா, இருக்குற சிங்கக்கூட பயிரால எடுக்க முடியாது."

அவர் வாளித் தொட்டியைப் பார்த்தார். அதற்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்டார். கயல் என்னைக் காட்டினாள். அவர் என் பக்கம் திரும்பிவிட்டார். நான் அஞ்சலைக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். அவள் விலகிக்கொண்டாள்.

"ஏங்கம்மா, நீங்க சொல்லுங்க. எம்மவ படிச்சவ, படிச்சத சொல்லுவா. அவ வாத்தியாரும் அதத்தான் சொல்லுவாரு. நீங்க வயல் வேல பாத்தவங்கதானே. இந்தப் பயிருக்கு வேற ஒண்ணுமே போடலையா? நெசமாவே வாளியில இருந்த தண்ணிதானா?"

சார் நிற்கிறார், மாணவர்கள் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். ஆனால் கேட்டவர் பதில் வராமல் போக மாட்டார் என்று தெரிந்தது.

"ஆமாங்க. நல்ல வாளிய ஒடைச்சிட்டேன். சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டுத் தகர வாளியில ஊத்துனேன். வேற ஒண்ணும் போடலீங்க. போடக் கூடாதுன்னுதான் உத்தரவு. அதயும் மீறித்தான் இது வளந்துச்சு. எங்க பாப்பா படிப்பே நின்னுபோகப் பாத்துச்சுங்க என்னால."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். "ஒரு தகர வாளியில ஒட்டிக்கிட்டு இருக்குறது என் வயல்ல இல்லையா" என்று மெதுவாகச் சொன்னார். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை. "அத்தன மூட்டையத் தூக்கித் தூக்கிக் கொட்டுனேன்."

போகும்போது என்னிடம் வந்து கும்பிட்டார். "தன் தப்ப மெனக்கெட்டு யாரும் பொய்யாச் சொல்ல மாட்டாங்கம்மா. அதான் ஒங்க பேச்ச நம்புறேன்."

அந்தச் சம்பாவுக்கு அவர் சிங்க் சல்பேட் வாங்கினார். மகள் சொன்னபடி மணலில் கலந்து, கடைசி உழவுக்குப் பின் நடவுக்கு முன்னால் வயல் முழுக்க ஒரே சீராகத் தூவினார். டி.ஏ.பி.யோடு சேர்த்துக் கலக்கவில்லை. ஒரு மூலையை மட்டும் தூவாமல் விட்டாராம். ஏன் என்று கயல் கேட்டதற்கு, "நானும் ஒரு பட்டினித் தொட்டி வெச்சுப் பாக்குறேன்" என்றாராம்.

கயல் அந்த வருஷமே ஆராய்ச்சியை எழுதி முடித்தாள். வாளித் தண்ணீருக்கு அதில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். ஸ்டோரில் ஒரு விதி மாறியது. வாளி, மக்கு, குழாய் மாதிரி சாமான்களுக்கு இன்டென்ட் வேண்டாம், உடைந்ததைக் காட்டிவிட்டுப் புதிது எடுத்துக்கொள்ளலாம். சந்தானம் சார் ஒவ்வொரு ஆராய்ச்சி ஆரம்பிக்கும்போதும் எங்களை உட்காரவைத்து எது கூடாது, ஏன் கூடாது என்று இரண்டையும் சொல்ல ஆரம்பித்தார். அவர் ஏனைச் சொல்ல மறந்தால் அஞ்சலை கேட்டாள். அவள் லீவில் இருந்த ஒரு நாள் நானும் கேட்டேன்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளே, உங்களில் என்னை மாதிரி வாய் வராதவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். உங்கள் கையால் ஏதாவது உடைந்தால், சிந்தினால், மாறிப்போனால், அன்றைக்கே சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வையுங்கள். அது சின்ன விஷயம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எது சின்னது எது பெரியது என்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்தச் சம்பா நட்டு ஒரு மாதம் கழித்துக் கயல் போனில் படம் அனுப்பினாள். அவள் அப்பா எடுத்த படம், வயல் கோணலாக விழுந்திருந்தது. கீழ் இலை தெரியவில்லை, கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல் என்று கேட்டேன். மறுநாள் வந்தது. தூவாமல் விட்ட மூலை செவந்துபோய் நிற்க, அந்த மூலை தவிர வயல் முழுக்க, அடி இலைவரை பச்சை.